மார்கழிக் கடலும் மரத்துப் போன கால்களும்

மார்கழி மாதத்தில், விடியற்காலை வேளையில் திருவான்மியூர் கடற்கரைக்கு வந்திருக்கிறீர்களா? வராதவர்கள் ஒரு தடவையாவது வந்து பார்க்க வேண்டும். மெரினாவைப் போலக் குதிரைச் சவாரி, பலூன் சுடுதல், மிளகாய் பஜ்ஜி என்ற அமர்க்களமெல்லாம் இங்கே கிடையாது. பெசன்ட் நகரின் கூட்டமும் இல்லை. வீடுகளெல்லாம் முடிந்த இடத்தில் மணல் ஆரம்பிக்கும். மணல் முடிந்த இடத்தில் தண்ணீர். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குள் ஒரு குப்பம் இருக்கிறது, படகுகள் இருக்கின்றன, வலை இருக்கிறது, வலையைப் பிரிக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

மருந்தீஸ்வரர் கோயிலில் திருவெம்பாவை கேட்டுவிட்டு, கையில் சுடச்சுடப் பொங்கல் தொன்னையோடு வெளியே வந்தால் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் இது. வான்மீகி முனிவர் வழிபட்டதால் வான்மியூர் என்று பெயர். அகத்தியருக்கு ஈசன் மூலிகைகளைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் உபதேசம் செய்த இடம் என்பதால் சுவாமிக்கு மருந்தீஸ்வரர் என்று பெயர். சுவாமி மேற்கே பார்த்து இருப்பதற்கும் ஒரு கதை சொல்வார்கள். அப்பைய தீட்சிதர் வந்த நாளில் ஒரே வெள்ளமாம். சந்நிதிக்கு எதிரே வர முடியாமல் பின்புறம் நின்று அவர் உருக, சுவாமி அவர் பக்கமாகத் திரும்பினாராம். தண்ணீரில் கால் நனைய நின்ற பக்தருக்காகத் திரும்பிய சுவாமி என்று நான் என் பெண்ணுக்குச் சொல்வேன். இன்றைக்கு நான் எழுத வந்த விஷயத்துக்கும் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி, வால்மீகி நகர்த் தெருக்களின் வழியாக நிதானமாக நடந்தால் இருபது நிமிஷத்தில் கடல். வீடுகளின் வாசலில் பூசணிப்பூ வைத்த கோலங்கள். வடக்கே கொஞ்சம் தள்ளினால் கலாக்ஷேத்திரத்தின் மரங்கள். அடையாற்றிலிருந்து 1962-இல் இந்தப் பக்கம் வந்தபோது இங்கே வெறும் மணல்தான் இருந்ததாம். இன்று மரநிழல் வேண்டுமென்றால் அங்கேதான் தேட வேண்டியிருக்கிறது.

கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது வாடைக்காற்று முகத்தில் அடிக்கும். சென்னையிலே என்ன பெரிய குளிர் என்று டெல்லிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் இங்கே 21, 22 டிகிரி வரைதான் இறங்கும், உண்மைதான். ஆனால் வருஷம் முழுக்க வியர்த்துப் பழகின உடம்புக்கு அதுவே போதும். ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு வாக்கிங் வருகிறவர்களைப் பார்த்தால் ஊட்டியோ என்று தோன்றும்.

அந்த நேரத்தில்தான் ராத்திரி இரண்டு மூன்று மணிக்குக் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வர ஆரம்பிப்பார்கள். முன்பெல்லாம் வரிசையாகக் கட்டுமரங்கள்தான் கிடக்கும். ஆங்கிலத்திலும் நம் ‘கட்டுமரம்’ என்ற சொல்லையேதான் எடுத்துக்கொண்டு திரித்து வைத்திருக்கிறார்கள். மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியதுதான் கட்டுமரம். ஆகவே இடுக்கெல்லாம் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்தாலும் நனையும், மண்டியிட்டாலும் நனையும். 2004-ஆம் வருஷச் சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் நிறைய வந்துவிட்டன. படகுக்குள்ளே கொஞ்சம் உலர்ந்த இடம் இருக்கிறது என்றாலும், படகைக் கடலில் தள்ளும்போதும் கரைக்கு இழுக்கும்போதும் இடுப்பளவு தண்ணீரில்தானே நிற்க வேண்டும்? வலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் காலடியில்தானே தேங்கும்?

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வரும் அக்காவும் இந்தக் குப்பம்தான். மார்கழியில் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. என்னவர் மாலை போட்டிருப்பார். ஆனாலும் கரையில் என்னைப் பார்த்துவிட்டால் விடமாட்டாள். “இன்னாம்மா, சாமிக்கு மாலை போட்டா நம்மள மறந்துடுவியா?” என்று ஆரம்பிப்பாள். ஒரு நாள் நான் சும்மா இருக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் நின்றேன். கடல் தண்ணீர் சில்லென்று இருக்கும் என்று பார்த்தால், வெதுவெதுப்பாக இருந்தது! அக்கா சிரித்தாள்.

“தண்ணியில நிக்கசொல்ல குளுராதும்மா. மேல வரசொல்லதான் குளுரும். இப்ப ஏறி வந்து பாரு, தெரியும்!”

அவள் சொன்னபடியே கரையேறியதும் காற்று பட்டுக் கால் விறைத்துப் போயிற்று. வீட்டுக்கு வந்து, கல்லூரியில் படிக்கும் என் பெண்ணிடம் கேட்டேன். அவள் விளக்கினாள். மார்கழியிலும் இங்கே கடல் நீர் 26, 27 டிகிரி இருக்குமாம். வெளிக்காற்று அதைவிடக் குளிர்ச்சி. அதனால் தண்ணீருக்குள் கால் வைத்தால் இதமாக இருக்கிறது. வெளியே எடுத்ததும் காலில் இருக்கும் ஈரம் ஆவியாகிறது. ஆவியாகும்போது காலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்ந்து போவது எப்படியோ அப்படி. படகில் ஆறு மணி நேரம் ஈரக்காலோடு, வாடைக்காற்றில் உட்கார்ந்திருப்பவர்களின் கால், பானை மாதிரிதான் ஆகிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நல்ல கோடையில், ஊரே கொதிக்கும் நாட்களில், தென்மேற்குக் காற்று கரையை ஒட்டி வீசினால், மேலே இருக்கும் சூடான தண்ணீர் கரையை விட்டு விலகிப் போய்விடும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும். வெயிலில் காய்ந்த மணலை ஓடிக் கடந்து, அலையில் கால் வைத்தால் ‘சுரீர்’ என்று இருக்கும். குழந்தைகளோடு கடற்கரைக்கு வரும் தாய்மார்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். “ஐஸ் தண்ணி, ஐஸ் தண்ணி” என்று அதுகள் கூத்தாடுவது வெறும் குறும்பு இல்லை.

சரி, இப்படி நாள்தோறும் ஈரத்தில் கிடக்கும் கால்களை இவர்கள் எப்படித்தான் காப்பாற்றிக் கொள்கிறார்கள்? கரையில் உட்கார்ந்து கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், தலையில் கட்டும் துண்டு. காலுக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. உடம்பு குளிர்ந்தால், நெஞ்சு, வயிறு, மூளை இவற்றுக்குச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்வதற்காக, கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். வீட்டில் பணம் தட்டுப்பட்டால் முதலில் நம் பூச்செலவைத்தானே நிறுத்துகிறோம், அது மாதிரி உடம்பு முதலில் கால் விரலைத்தான் கைவிடும். ஆகவே தலை, கழுத்து, முதுகு சூடாக இருந்தால் காலுக்கும் ரத்தம் தாராளமாகப் போகும். குப்பத்து ஆட்கள் சாக்ஸ் போடாவிட்டாலும், துண்டும் பழைய ஸ்வெட்டரும் இல்லாமல் மார்கழியில் படகு ஏற மாட்டார்கள்.

அடுத்தது எண்ணெய். போவதற்கு முன் தேங்காய் எண்ணெயைப் பாதத்தில், முக்கியமாகக் குதிகால் வெடிப்பில் தேய்த்துக்கொள்கிறார் ஒரு பெரியவர். எண்ணெய் சூடு தராது. ஆனால் தோல் தண்ணீரில் ஊறிச் சவசவவென்று ஆகாமல் கொஞ்சம் தடுக்கும். மூன்றாவது, கரைக்கு வந்ததும் காலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, காய்ந்த மணலில் புதைத்துக்கொண்டு உட்காருவது. விடியற்காலையில் மேல் மணல் ஜில்லென்று இருக்கும். ஒரு சாண் தோண்டினால் முந்தின நாள் வெயிலின் சூடு உள்ளே மிச்சம் இருக்கும். நானும் தோண்டிப் பார்த்தேன், நிஜம்தான். அதற்குப் பிறகு ஒரு டம்ளர் டீ. டீயைக் குடிப்பதற்கு முன் டம்ளரை உள்ளங்கைக்குள் வைத்து உருட்டுவதைப் பார்க்க வேண்டுமே!

சில பேர் வேறு ஒரு ‘டம்ள’ரை நம்புகிறார்கள். குளிருக்கு ஒரு மடக்கு போட்டால்தான் சூடு என்பது அவர்கள் வாதம். குடித்தால் முகமும் கையும் சூடானது போல இருக்கும்தான். சுருங்க வேண்டிய ரத்தக் குழாய்கள் விரிந்து, உடம்பின் உள்சூடு தோல் வழியே வெளியே போவதால் வரும் சூடு அது. கொஞ்ச நேரத்தில் முன்னைவிட அதிகமாகக் குளிரும். இதை நான் சொன்னால் கேட்பார்களா? அவரவர் பெண்டாட்டி சொல்லியே கேட்கவில்லை.

தண்ணீரில் ரொம்ப நேரம் இருந்தால் விரல் நுனிகள் சுருங்கிப் போகின்றனவே, குழந்தைகள்கூட “பாட்டி கை ஆயிடுச்சு” என்று காட்டுமே, அது தோல் ஊறியதால் மட்டும் வருவது அல்ல. நரம்புகள் கட்டளையிட்டு, அங்கே இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வருவது. விரலின் நரம்பு அறுந்து போனவர்களுக்குத் தண்ணீரில் ஊறினாலும் அப்படிச் சுருங்குவதில்லை. இந்த நரம்பு சமாசாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்.

படகில் போகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் சில்லிட்ட தண்ணீரில் அதிக நேரம் நிற்பது யார் தெரியுமா? பெண்கள்தான். என் மீன்கார அக்கா, குப்பத்தில் மீன் வரத்துக் குறைவான நாட்களில் காசிமேட்டுக்குப் போவாள். விசைப்படகுகள் நாள்கணக்கில் கடலில் தங்கி, ஐஸில் வைத்துக் கொண்டுவரும் மீன் அங்கே இறங்கும். கூடை கூடையாகக் கொட்டும்போது ஐஸ் கரைந்து தரையெல்லாம் ஓடும். அந்தத் தண்ணீரில், ரப்பர் செருப்போடு, ஏலம் முடியும் வரை நிற்க வேண்டும். அது 26 டிகிரி கடல் நீர் இல்லை. ஐஸ் உருகின தண்ணீர். இறால் உரிக்கும் பெண்களுக்கும் இதே கதிதான். கையும் காலும் விறைத்து, விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து, நகம் கறுத்து, எத்தனை பேரைப் பார்க்கலாம்!

“காலு இருக்கா இல்லையான்னே தெரியாதும்மா. பஸ்சு ஏறசொல்ல படியில இடிச்சுக்குவேன், வீட்டாண்ட வந்துதான் ரத்தத்தைப் பார்ப்பேன்” என்று ஒரு முறை அக்கா சொன்னாள்.

அவள் இப்போது முட்டி வரை வரும் ரப்பர் கம்பூட்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறாள். ஆரம்பத்தில் மற்றப் பெண்கள் கேலி செய்தார்களாம். கம்பூட்ஸ் மட்டும் போதாது. வெறும் ரப்பர் குளிரைத் தடுக்காது. உள்ளே ஒரு சாக்ஸ் வேண்டும், காலுக்கு அடியில் ஒரு பலகையோ கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியோ வேண்டும். தரையிலிருந்து அரை அடி உயர்ந்து நின்றாலே பாதிக் குளிர் போய்விடும். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும் என்பது பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொரு கணக்கு.

இதில் ஒரு நன்மை, எனக்குக் கடிதம் எழுத விஷயம் கிடைத்தது. என் அக்காவின் பையன் கனடாவில், டொரான்டோ பக்கத்தில் இருக்கிறான். நம் ஊரில் இருந்தபோது ஒரு மீனைக் கையால் தொட மாட்டான். அங்கே போய் ஒரே மீன்பிடி மோகம்! கிரெடிட் ஆறு என்று ஒரு ஆற்றில், உறைகிற குளிரில், தொடையளவு தண்ணீரில் நின்று, வானவில் டிரவுட் என்ற மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறானாம். “சித்தி, மீன் கிடைக்குது, ஆனா கால் ரெண்டும் கட்டையாப் போயிடுது. உல்லன் சாக்ஸ் ஒண்ணு போட்டு அனுப்புங்களேன்” என்று போனில் கெஞ்சினான்.

அந்த வானவில் டிரவுட் நம் ஊட்டியிலும் இருக்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? குளிர்ந்த தண்ணீரில் மட்டுமே வாழும் மீன் அது. வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக நீலகிரி ஓடைகளில் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். 1907-இல் அவலாஞ்சியில் வில்சன் என்பவர் குஞ்சு பொரிக்கும் பண்ணையே அமைத்தார். மீனோடு கூட, தண்ணீரில் நிற்பதற்கான முழங்கால் பூட்ஸ், கம்பளிக் காலுறை எல்லாம் கப்பலில் வந்திருக்கும்! கடலோரத்தில் இருக்கும் நமக்கு இந்த யோசனைகள் எதுவும் தேவைப்படவில்லை.

நான் ஊசியையும் நூலையும் எடுத்து உட்கார்ந்தேன். சாக்ஸ் பின்னுவதில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஈரக் குளிருக்குப் பருத்தி ஆகாது. பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்துண்டைக் காலில் சுற்றிக்கொண்ட மாதிரி. கம்பளி சிறிது நனைந்தாலும் இழைகளுக்கு நடுவே காற்றை வைத்துக்கொண்டிருக்கும். அந்தக் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. அதனால் உள்ளே மெல்லியதாக ஒன்று, மேலே தடித்த கம்பளி ஒன்று. ஆனால் பூட்ஸ் இறுக்கமாக இருக்கக்கூடாது. குளிர்கிறதே என்று மூன்று ஜோடியைத் திணித்துக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் அதிகமாகக் குளிரும். விரல்கள் உள்ளே அசைய வேண்டும். இன்னொன்று, வீட்டிலேயே சாக்ஸ் மாட்டிக்கொண்டு காரில் போனால் வழியிலேயே கால் வியர்த்து, ஆற்றங்கரையில் இறங்கும்போதே ஈரமாக இருக்கும். ஆற்றங்கரையில் காலைத் துடைத்துவிட்டு உலர்ந்த சாக்ஸ் மாட்ட வேண்டும். ஒரு ஜோடி உபரியாகப் பையில் இருக்க வேண்டும். பையன் அங்கே கடைகளில் விற்கும் சூடு தரும் பொட்டலங்களைப் பற்றியும் கேட்டான். உள்ளே இரும்புத் தூள் இருக்கும். காற்றுப் பட்டால் துருப்பிடிக்கும்போது சூடு வரும். காற்றே புகாத ரப்பர் பூட்ஸுக்குள் அது சரியாக வேலை செய்யாது. தோலின் மேல் நேரடியாக வைப்பதும் கூடாது, பொத்துவிடும்.

ஈரமும் குளிரும் சேர்ந்தால் கால் அழுகிவிடும் என்பதை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக யுத்தத்தில், பதுங்குகுழித் தண்ணீரில் நாள்கணக்கில் நின்ற சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் கால் புண்ணாகி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முதல் குளிர்காலத்திலேயே நம் இந்தியச் சிப்பாய்களும் பிரான்சில் அந்தச் சேற்றில் நின்றிருக்கிறார்கள். தண்ணீர் உறைய வேண்டும் என்பதில்லை; ஈரம் தொடர்ந்து இருந்தாலே போதும். கடைசியில் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? தினமும் காலைத் துடைத்து, எண்ணெய் தேய்த்து, சாக்ஸ் மாற்றுவது. நம் பாட்டிகளைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்!

குளிரில் கடலில் இறங்கும் பெண்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. தென் கொரியாவில் ஜேஜு என்று ஒரு தீவு. அங்கே பெண்கள்தான் கடலில் முங்கிச் சிப்பி, கடல் முள்ளெலி எடுக்கிறார்கள். ஹேன்யோ என்று பெயர். கடல் பெண்கள் என்று அர்த்தம். ஆக்ஸிஜன் குழாய் எதுவும் இல்லாமல், ஒரு நிமிஷம் மூச்சை அடக்கி, 10 மீட்டர் வரை போவார்களாம். பாட்டிமார்கள் நிறையப் பேர் அவர்களில் உண்டு. 1970-களில் ரப்பர் உடை வருகிற வரை வெறும் பருத்தித் துணியோடுதான் குளிர்காலத்திலும் முங்கினார்கள். அதனால் கரையில் வட்டமாகக் கல்சுவர் எழுப்பி, நடுவில் தீ மூட்டி வைத்திருப்பார்கள். முங்குவது, வந்து காய்வது, மறுபடி முங்குவது. அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்துதான் மாமியார் கதை, மருமகள் கதை, மீன் விலை எல்லாம். 2016-இல் யுனெஸ்கோ இவர்கள் வாழ்க்கை முறையை உலகப் பாரம்பரியங்களின் பட்டியலில் சேர்த்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கிக் கடல் பாசி எடுக்கிறார்கள். அங்கே குளிர் அத்தனை இல்லை. பாறையும் பவளமும்தான் காலைக் கிழிக்கும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு இறங்குகிறார்கள். அவர்களில் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்பவர் 2015-இல் அமெரிக்கா போய் ‘சீகாலஜி’ பரிசு வாங்கி வந்தார். பேப்பரில் படித்தபோது நானே வாங்கின மாதிரி இருந்தது.

இனி, இதை நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயம். மீன்கார அக்காவின் வீட்டுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பதினைந்து வயதிலிருந்து கடல். நாலைந்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை. போன மார்கழியில் ஒரு நாள் கரைக்கு வந்தவர், “காலு மரத்துப் போச்சு” என்றிருக்கிறார். குளிரினால்தான் என்று அவரும் நினைத்தார், அவளும் நினைத்தாள். அடுப்பில் தண்ணீர் காய வைத்து வாளியில் ஊற்றிக் கொடுத்தாள். காலை உள்ளே விட்டவர், “சூடே இல்லையே, இன்னும் ஊத்து” என்றாராம். ஊற்றினாள். காலை எடுத்துத் துடைக்கும்போதுதான் பார்த்தார்கள்: இரண்டு பாதமும் சிவந்து, கட்டை விரலுக்குக் கீழே பெரிய கொப்புளம். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மறுநாளும் அவர் கடலுக்குப் போகத் துணியைக் கட்டியிருக்கிறார்! அக்கா விடவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா ஒரு குச்சியின் நுனியில் இருந்த நைலான் நூலை எடுத்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் அங்கங்கே அழுத்தி, “தெரியுதா? இப்ப தெரியுதா?” என்று கேட்டார். பத்து இடத்தில் ஆறு இடம் தெரியவில்லை. கண்ணைத் திறந்து அந்த நூலைப் பார்த்தவர், “இது நம்ம தங்கூஸ் நூலாச்சே! வாழ்நாள் முழுக்க இதைத்தானே பிடிச்சிருக்கேன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

சர்க்கரை நாளாக ஆகக் கால் நரம்புகளை மந்தமாக்கிவிடும். குளிர்ந்த காலும், உணர்ச்சி இல்லாத காலும் மேலுக்கு ஒன்று போலவே ‘மரத்துப் போச்சு’ என்றுதான் சொல்லப்படும். குளிரால் மரத்த கால், உலர்த்திப் போர்த்திக்கொண்டால் அரை மணியில் குறுகுறுவென்று உயிர் வந்துவிடும். நரம்பு மந்தமான கால் கோடையிலும் அப்படியே இருக்கும். நம் வீடுகளில் எத்தனை மாமியார், மாமனார், ஏன், நம் அம்மாவே, “காலெல்லாம் ஜில்லுனு இருக்கும்மா” என்கிறார்கள்! உடனே நாம் வெந்நீர்ப் பையை வைக்கிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். வெந்நீர் வாளி, கரண்ட்டில் சூடாகும் பட்டை, அடுப்புப் பக்கம் காலை நீட்டுவது, எதுவும் வேண்டாம். தளர்வான சாக்ஸும் போர்வையும் போதும். தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு நாம் பார்க்க வேண்டும், அல்லது ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துக் காட்டலாம். கழுவினால் விரலிடுக்கு வரை துடைக்க வேண்டும். எண்ணெய் குதிகாலுக்கும் பாதத்துக்கும் தடவலாம், விரலிடுக்கில் தடவக்கூடாது. அங்கே ஈரம் தங்கிப் புண்ணாகும். குளிரில் விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாரித்தால் அதையும் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

வெந்நீர் சூட்டை யார் பார்ப்பது என்ற பிரச்சினைக்கு டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். குழந்தைக்கு வெந்நீர் விளாவும்போது முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அதேதான்! கைக்குழந்தைக்குச் செய்வதை அறுபது வயது ஆளுக்கும் செய்ய வேண்டும். கால் கழுவ என்றால்கூட வெதுவெதுப்புக்கு மேல் போகக்கூடாது. கைக்குழந்தை என்றதும் ஒன்று நினைவு வருகிறது: மார்கழிப் பனியில் குழந்தையின் பாதம் ஜில்லென்று இருக்கிறதே என்று இளம் தாய்மார்கள் பதறுவார்கள். பாதம் மட்டும் கொஞ்சம் குளிர்ந்திருந்தால் பயமில்லை. வயிற்றையும் பிடரியையும் தொட்டுப் பார்த்து, அங்கே சூடு இருந்தால் சரி.

கொப்புளம் உடைந்து, புண்ணாகி, ஆறுவதற்குப் பங்குனி வந்துவிட்டது. அந்த இரண்டரை மாதமும் அவர் கடலுக்குப் போகவில்லை. ஈரம் படக்கூடாது என்றால் கடல்காரன் எங்கே போவான்? வலையைப் பிரித்துக்கொண்டு, ஆமை முட்டையிட்ட இடத்தை நாய் தோண்டாமல் பார்த்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருப்பார். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரியில் ஆமைகள் இந்தக் கரைக்கு வரும். கல்லூரிப் பிள்ளைகள் நடந்தே வந்து முட்டைகளைப் பத்திரப்படுத்துவார்கள், 1988-லிருந்து இது நடக்கிறது. அக்காவின் காதுக் கம்மல் அடகுக்குப் போயிற்று. விரல் தப்பியது பெரிய விஷயம் என்று டாக்டரம்மா சொன்னார்.

இப்போது மறுபடி போகிறார், ஆனால் ஃபைபர் படகில் மட்டும். படகை இழுக்கப் பையன்கள் இறங்குகிறார்கள், இவர் இறங்குவதில்லை. காலில் ரப்பர் பூட்ஸ். கரைக்கு வந்ததும் அக்கா அந்தப் பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே சிப்பித் துண்டோ கல்லோ இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பாள்.

கனடாப் பையனுக்குப் போட்டதில் மிஞ்சின கம்பளி நூலில் அவருக்கும் ஒரு ஜோடி பின்ன ஆரம்பித்திருக்கிறேன். ராத்திரி தூங்கும்போது போட்டுக்கொள்ளத்தான். கணுக்காலில் ரப்பர் பட்டை வைக்கவில்லை; இறுக்கினால் ரத்த ஓட்டம் கெடும். விரல் நுனியில் முடிச்சு வராமல் தையலைச் சமமாக முடிக்க வேண்டியிருப்பதால் நேரமாகிறது. எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டேன். அவர் கறுப்புக் கேட்டார், மண் தெரியாதாம். டாக்டரம்மா வெள்ளைதான் என்றார். புண்ணிலிருந்து ஒரு சொட்டுக் கசிந்தாலும் உடனே தெரியும். அக்கா என்னிடம் வந்து, “வெள்ளையே போடும்மா. தொவைக்கிறது நான்தானே” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு கால் முடிந்துவிட்டது. தை பிறப்பதற்குள் அடுத்ததையும் முடிக்க வேண்டும்.